இந்திய–இலங்கை இசை உறவு: ஒரு நூற்றாண்டுக் கால ஒத்துழைப்பின் சமூக வரலாற்று மதிப்பீடு

1

இரு நாடுகளுக்கிடையிலான கலைத் தொடர்புகளைப் பற்றி எழுதுவோர் அவற்றை வரவேற்புரைகளின் மொழியிலே எழுதிச் செல்வது வழக்கமாகிவிட்டது. 'தொன்மைத் தொடர்பு', 'தொப்புள்கொடி உறவு', 'பொதுப் பண்பாட்டுச் செல்வம்' என்பன போன்ற தொடர்கள் இந்திய–இலங்கை இசையுறவு பேசப்படும் மேடைகள் யாவற்றிலும் தவறாது ஒலிப்பன. இதற்கு எதிர்முனையில், அயலிலிருந்து வந்த இசை யாவும் பண்பாட்டு ஆதிக்கத்தின் கருவியே என்று கூறி, தூய்மையான சுதேச இசையொன்றைத் தேடிச் செல்வோரும் உளர். முரண்பட்டனவாகத் தோன்றும் இவ்விரு நோக்குகளுக்கும் பொதுவான குறைபாடு ஒன்றுண்டு. இரண்டும் நாடுகளை முரண்பாடற்ற முழுமைகளாகக் கொள்கின்றன. இந்தியா கொடுத்தது, இலங்கை பெற்றது என்றோ, இந்தியா திணித்தது, இலங்கை இழந்தது என்றோ கூறும்போது, கொடுத்தவர் யார், பெற்றவர் யார், இடையில் வாழ்விழந்தவர் யார் என்னும் வினாக்கள் எழாமலே போய்விடுகின்றன.

இசை, முதற்கண், மனித உழைப்பாகும். அதற்குப் பயிற்சியும் கருவியும் அரங்கும் கூலியும் வேண்டும். இவற்றை வழங்கும் சமூக சக்தி மாறும்போது இசையின் உருவமும் அதன் தகுதிபற்றிய கருத்தும் மாறுகின்றன. எனவே நீண்டகால இசை ஒத்துழைப்பு ஒன்றை மதிப்பிட விழைவோர், நடைபெற்ற கச்சேரிகளின் தொகையையோ கைச்சாத்திடப்பட்ட ஒப்பந்தங்களின் தொகையையோ அளவையாகக் கொள்ளல் போதாது. அவ்வொத்துழைப்பு எத்தகைய கலைஞரை உருவாக்கிற்று, எவருடைய அறிவை இசை என ஏற்றுக்கொண்டது, ஒரே நாட்டில் வாழும் மக்களை ஒருவரோடொருவர் நெருங்கச் செய்ததா அன்றி விலகச் செய்ததா என்னும் வினாக்களே அடிப்படையானவை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதிக் காலந்தொட்டு இன்றுவரையுள்ள இந்திய–இலங்கை இசை வரலாற்றை இவ்வினாக்களின் ஒளியில் நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

2

இவ்வரலாற்றின் நவீன கட்டம் 1880களில் பம்பாயிலிருந்து கொழும்புக்கு வந்த பார்சி நாடகக் குழுக்களோடு தொடங்குகின்றது. அவை எந்த அரசினதும் அழைப்பின்பேரில் வந்தவையல்ல. துறைமுக நகரங்களிடையே இலாபந்தேடிச் சுற்றித் திரிந்த வணிக நிறுவனங்களாகவே அவை இருந்தன. கொழும்பில் அக்காலத்தில் வளர்ந்துகொண்டிருந்த சிறு வணிகரும் எழுதுவினைஞரும் தொழிலாளரும் நுழைவுச்சீட்டு வாங்கி நாடகம் பார்க்கும் புதிய அவையினராயினர். அவர்களை நம்பியே 'நூர்த்தி' எனப்படும் சிங்கள நாடக வகை தோன்றிற்று.

அதற்கு முன்னர் சிங்களக் கரையோரக் கிராமங்களில் வழங்கியது 'நாடகம' என்னும் அரங்க வடிவமாகும். திறந்த வெளியிலே, பல இரவுகள் தொடர்ந்து, மத்தளத்தின் துணையோடு ஆடப்பட்ட இவ்வடிவம் தமிழ்க் கூத்து மரபினின்று கிளைத்தது என்பது ஆய்வாளர் பலருக்கும் உடன்பாடான கருத்தாகும். கத்தோலிக்க சமயத் தொடர்பும், தமிழும் சிங்களமும் அருகருகே வழங்கிய மேற்குக் கரையோர வாழ்வும் அதன் வளர்ச்சிக்குத் துணை புரிந்தன. நாடகமவின் இசை தென்னிந்திய இசையோடு உறவுடையது. நூர்த்தி வந்ததும் மத்தளத்தின் இடத்தை ஆர்மோனியமும் தபேலாவும் பிடித்தன. தென்னகச் சாயல் கொண்ட மெட்டுக்களின் இடத்தை வட இந்திய மெட்டுக்கள் பிடித்தன. கிராமத்து வெளியின் இடத்தை மூடிய அரங்கு பிடித்தது. 1911இல் கொழும்பு மருதானையில் திறக்கப்பட்ட டவர் மண்டபம் இம்மாற்றத்தின் கட்டடச் சின்னமாகும்.

இம்மாற்றத்தின் கருத்தியல் வடிவத்தை ஜோன் த சில்வாவிடம் (1857–1922) தெளிவாகக் காணலாம். சட்டத்தரணியான இவர் மேனாட்டு நாகரிக மோகத்தைக் கண்டித்து நாடகங்கள் எழுதியவர். 1903இல் தமது 'சிறிசங்கபோ' நாடகத்துக்கு இசையமைக்க விசுவநாத் லவுஜி என்னும் இந்திய இசைஞரை வரவழைத்துக் கொண்டார். சிங்களம் அறியாத லவுஜிக்குக் காட்சியின் உணர்ச்சி விளக்கப்பட, அதற்கேற்ற இராகத்தில் அவர் மெட்டமைத்தார் என்பர். குடியேற்றநாட்டு ஆட்சிக்கெதிரான உணர்வு இம்முயற்சியில் இருந்தமை மறுக்கவொண்ணாதது. ஆயினும் ஜோன் த சில்வாவின் நாடக மன்றம் 'ஆரிய சுபோத நாட்டிய சபா' எனப் பெயர் பெற்றிருந்தமை மனங்கொளத்தக்கது. ஐரோப்பிய மொழியியலாளரின் ஆரியக் கொள்கை சிங்கள மத்தியதர வர்க்கத்தினரின் தேசியத்துக்கு வமிசாவளி ஒன்றை வழங்கியிருந்தது. அவ்வமிசாவளி வடக்கே நோக்கிற்று. அயலிலிருந்த தமிழரோடு பகிர்ந்துகொண்ட இசை கிராமியமாகவும் பழமையாகவும் தாழ்வாகவும் தோன்ற, கடல்கடந்து வந்த வட இந்திய இசை 'நமது' இசையாகத் தோன்றிற்று. நம் மதிப்பீட்டின் முதல் முரண்பாடு இதுவே: ஏகாதிபத்தியத்துக்கெதிரான பண்பாட்டு மீட்சியாகத் தொடங்கிய உறவு, தன் பிறப்பிலேயே உள்நாட்டுப் பிளவொன்றையும் சுமந்து வந்தது.

கிராமபோன் இப்போக்கை விரைவுபடுத்திற்று. சிங்கள இசைத்தட்டுக்கள் கல்கத்தாவை அடுத்த டம்டம் தொழிற்சாலையில் அச்சாகி வந்தன. இசையின் உற்பத்திச் சாதனம் இந்தியாவிலும் நுகர்வோர் இலங்கையிலும் இருந்த நிலைமையில், இந்தி, வங்கப் பாடல்களின் மெட்டுக்களுக்குச் சிங்களச் சொற்களை இட்டு நிரப்புவது எளிதான வாணிகமாயிற்று. 1947இல் வெளிவந்த முதற் சிங்களப் பேசும்படமான 'கடவுனு பொறொந்துவ' மதுரையிலே, எஸ். எம். நாயகத்தின் கலைக்கூடத்தில் உருவானது. அதனைத் தொடர்ந்து தென்னிந்தியக் கலைக்கூடங்களில் தயாரான சிங்களப் படங்களின் பாடல்கள் பெரும்பாலும் இந்தி, தமிழ்ப்படப் பாடல்களின் நிழல்களாகவே இருந்தன. இதனை ஒத்துழைப்பு என்பதிலும் சந்தைச் சார்பு என்பதே பொருந்தும்.

3

இச்சந்தை உறவுக்கு மாற்றாக எழுந்ததே சாந்திநிகேதன் தொடர்பு. தாகூர் 1922, 1928, 1934 ஆகிய ஆண்டுகளில் இலங்கைக்கு வந்தார். 1934ஆம் ஆண்டு வருகையின்போது அவருடைய குழுவினர் கொழும்பில் 'சாபமோசன்' நாட்டிய நாடகத்தை மேடையேற்றினர். அவ்வாண்டே ஹொறணையில் வில்மட் பெரேரா நிறுவிய சிறீபாலி என்னும் கல்வி நிலையத்துக்கு அவர் அடிக்கல் நாட்டினார். ஆங்கிலங் கற்ற இலங்கையருக்குத் தாகூர் உணர்த்தியது பெரிது: ஆசியக் கலைவடிவம் ஒன்று வெறும் பழம்பொருளாக இராது, நவீன உணர்வுகளையும் ஏற்று நிற்க முடியும் என்பதே அது.

ஆனந்த சமரக்கோன் (1911–1962) 1936இல் சாந்திநிகேதனுக்குச் சென்று ஆறு மாதங்கள் அளவில் தங்கியிருந்தார். அங்கிருந்து அவர் கொண்டுவந்தது இரவல் மெட்டுக்களையல்ல. சொல்லும் இசையும் ஒன்றாகப் பிறக்கும் தனிப்பாடல் என்னும் கருத்தையே அவர் கொண்டுவந்தார். 1940இல் அவர் இயற்றிய பாடல் 1951இல் இலங்கையின் தேசிய கீதமாக ஏற்றுக்கொள்ளப்பட்டது, மு. நல்லதம்பியின் தமிழாக்கமும் அதே மெட்டில் வழங்கலாயிற்று. ஒரு மெட்டில் இரு மொழிகள் இயைந்தமை, இந்த இசையுறவு இரு சமூகத்தினருக்கும் பொதுவாக விட்டுச்சென்ற மிகச் சில செல்வங்களுள் ஒன்று. 2016ஆம் ஆண்டுச் சுதந்திர தின அரச விழாவிலே தமிழில் ஒலித்த அக்கீதம், 2020ஆம் ஆண்டு விழாவில் ஒலிக்கவில்லை. இசையால் இயன்றதை அரசியல் மறுத்தது.

சாந்திநிகேதனை அடுத்து லக்னோ முதன்மை பெற்றது. 1926இல் அங்கு நிறுவப்பட்ட இசைக் கல்லூரி, வி. நா. பாத்கண்டேயின் (1860–1936) பணியை அடிப்படையாகக் கொண்டது. இராகங்களைப் பத்துத் தாட்டுக்களுள் வகுத்து, சுரக்குறிப்பு முறையொன்றை அமைத்து, பரம்பரை உஸ்தாதுகளின் வீடுகளில் அடைபட்டிருந்த இசையை வகுப்பறைக்குக் கொணர்ந்தவர் அவர். அதன் சனநாயக அமிசம் போற்றத்தக்கது. அதேவேளை, பரம்பரை இசைஞரின் வாழ்விலிருந்து இசையைப் பிரித்தெடுத்து, பாடத்திட்டம், பரீட்சை, பட்டம் என்பவற்றின் வழியாக மத்தியதர வர்க்கத்தின் உடைமையாக்கிய முயற்சியும் அதுவே. இலங்கையிலிருந்து லக்னோ சென்ற மாணவர் இவ்விரண்டையும் ஒருங்கே பெற்றுத் திரும்பினர். 'விசாரத' என்னும் பட்டம் ஆசிரியத் தொழிலுக்கும் வானொலிக்கும் வாயிற்சாவியாயிற்று.

4

1952ஆம் ஆண்டு இவ்வரலாற்றில் ஒரு திருப்புமுனையாகும். அவ்வாண்டில் லக்னோக் கல்லூரி அதிபர் எஸ். என். ரத்தன்ஜங்கர், இலங்கை வானொலிக் கலைஞரைத் தேர்ந்து தரப்படுத்துவதற்காகக் கொழும்புக்கு அழைக்கப்பட்டார். ஏறத்தாழ அதே காலத்தில் இந்தியாவின் தகவல், ஒலிபரப்பு அமைச்சராயிருந்த பி. வி. கேஸ்கரின் கொள்கைக்கிணங்க, அகில இந்திய வானொலியின் கலைஞர் தேர்வுக் குழுவிலும் அவரே தலைமைப் பங்கு கொண்டிருந்தார். அங்கும் இசைஞரிடையே அத்தேர்வுக்கு எதிர்ப்பெழுந்தது. இரு அரசுகளின் வானொலிகளும் ஒரே அளவுகோலை, ஒரே கரத்தின் வாயிலாகப் பயன்படுத்தின என்பது தற்செயலன்று. புதிதாக விடுதலை பெற்ற இரு நாடுகளின் ஆளும் வர்க்கங்களும் 'தரம்', 'சாஸ்திரியம்' என்னும் கருத்துக்களின் மூலம் தேசிய பண்பாட்டை மேலிருந்து வரையறுக்க முயன்றதன் வெளிப்பாடே அது.

சுனில் சாந்த (1915–1981) அத்தேர்வுக்குத் தோற்ற மறுத்தார். அவர் சாஸ்திரிய இசை அறியாதவரல்லர். லக்னோவிலேயே 1944இல் விசாரதப் பட்டம் பெற்றவர். சாந்திநிகேதனிலும் லக்னோவிலும் பயின்றபின், அவ்விரு நிலையங்களின் மெட்டுக்களையும் விடுத்து, சிங்கள மொழியின் ஒலியியல்புக்கேற்ற எளிய இசையை நாடியவர். குமாரதுங்க முனிதாசவின் 'ஹெல ஹவுல' இயக்கத்தின் தாக்கம் அவரிடம் உண்டு. தாம் விட்டு விலகிய அளவுகோலினாலேயே தாம் அளக்கப்படுவதை அவர் ஏற்கவில்லை. விளைவு, மக்களிடையே பெருஞ்செல்வாக்குடன் விளங்கிய அப்பாடகருக்கு வானொலியின் கதவுகள் நீண்டகாலம் அடைபட்டன. அவர் பிற தொழில்களை நாட வேண்டியவரானார். ஹெல இயக்கத்தின் தூய்மைவாதத்தை நாம் ஏற்கவேண்டியதில்லை. ஆனால், ஒரு கலைஞனின் சோற்றுக்கும் அயல்நாட்டு நிபுணரின் மதிப்பெண்ணுக்கும் முடிச்சுப் போட்ட அமைப்பை ஒத்துழைப்பு என்று அழைக்க இயலுமா என்னும் வினா சுனில் சாந்தவின் வாழ்வில் உயிர்பெற்று நிற்கின்றது.

இதில் வேறோர் உண்மையும் உண்டு. இலங்கையின் தேசிய இசை அந்நாட்டு நாட்டார் இசையின் அடித்தளத்திலேயே கட்டப்பட வேண்டும் என்னும் கருத்தை அவ்வாண்டில் கொழும்பில் எடுத்துரைத்தவரும் அதே ரத்தன்ஜங்கரே. டபிள்யூ. டி. அமரதேவ (1927–2016), டபிள்யூ. பி. மக்குலொலுவ போன்றோர் அக்கருத்தினால் ஊக்கம் பெற்றனர். 1950களில் லக்னோவில் பயின்று திரும்பிய அமரதேவ, இராக இசைப் பயிற்சியைச் சிங்கள நாட்டார் பாடலின் ஆய்வுக்கும் ஆக்கத்துக்கும் கருவியாக்கினார். ஒரே மனிதரிடமிருந்து வந்த இரண்டில், அளவுகோலாக வந்தது ஊறு செய்தது. அறிவாக வந்தது பயன் விளைத்தது. பழுது நிபுணரின் தேசத்தில் இல்லை. அவருக்கு அளிக்கப்பட்ட அதிகாரத்திலே இருந்தது.

இலங்கை வானொலியின் இரட்டை முகத்தையும் இவ்விடத்தே குறிப்பிடல் வேண்டும். ஒருபுறம் சாஸ்திரியத் தரம் பேசிய அதே நிலையம், 1950இல் தொடங்கிய தன் வர்த்தக சேவையின் மூலம், கேஸ்கர் தம் வானொலியிலிருந்து ஒதுக்கிய திரைப்பாடல்களை இந்திய நேயர்களுக்கே திருப்பி ஒலிபரப்பி விளம்பர வருவாய் ஈட்டிற்று. பற்பசை விளம்பரத்தின் துணையோடு 1952 டிசம்பரில் தொடங்கிய 'பினாக்கா கீத்மாலா' நிகழ்ச்சி பம்பாயிலே அமீன் சயானியின் குரலிற் பதிவாகி, கொழும்பிலிருந்து ஒலித்தது. எஸ். பி. மயில்வாகனனின் குரல் தமிழகத்து வீடுகளிற் பழகிய குரலாயிற்று. 1957இல் அகில இந்திய வானொலி 'விவித் பாரதி'யைத் தொடங்க நேர்ந்தமைக்கு இப்போட்டியும் ஒரு காரணம். சிறிய நாட்டின் ஒலிபரப்பி பெரிய நாட்டின் கலைக்கொள்கையை மாற்ற உதவியது உண்மை. ஆயினும் அதனைச் சாதித்தது ஒரு விளம்பரச் சந்தையேயன்றி இலங்கையின் இசையன்று என்பதை மறத்தலாகாது.

5

சிங்களச் சமூகம் வடக்கே பம்பாயையும் லக்னோவையும் நோக்கிய காலத்திலே, இலங்கைத் தமிழ்ச் சமூகத்தின் இசை நோக்கு தஞ்சையையும் சென்னையையும் சார்ந்திருந்தது. யாழ்ப்பாணத்துக் கோயில்களின் நாதசுர, தவில் மரபு தஞ்சை மண்டலத்திலிருந்து வந்து குடியேறிய கலைஞர் குடும்பங்களின் தொடர்பால் வளர்ந்தது. 1914இல் தனுஷ்கோடி–தலைமன்னார் புகைவண்டி, கப்பல் இணைப்புத் தொடங்கியதும் திருவிழாக் காலங்களில் கலைஞர் வந்து போவது எளிதாயிற்று. இவ்வுறவு ஒருவழிப்பட்டதன்று. இணுவிலிற் பிறந்து அளவெட்டியில் வாழ்ந்த தவில் மேதை வி. தட்சிணாமூர்த்தி (1933–1975) தமிழகத்து முன்னணி நாதசுரக் கலைஞருக்குத் தவில் வாசித்து, அந்நாட்டுக் கலைஞராலேயே வியந்து போற்றப்பட்டவர். தமிழகத்தினின்று வந்த கலை, யாழ்ப்பாணத்துக் கோயில் முற்றங்களில் வளர்ந்து, புதிய வலிமையோடு தமிழகம் திரும்பிய வரலாறு அது. இவ்வளர்ச்சிக்கு எந்த ஒப்பந்தமும் காரணமன்று. தொழில்வழிக் குடும்பங்களின் இடையறாத உழைப்பே காரணம்.

விபுலாநந்தரின் (1892–1947) பணியும் இத்தகையதே. மட்டக்களப்பு மண்ணிற் பிறந்து, அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திலும் பின்னர் இலங்கைப் பல்கலைக்கழகத்திலும் தமிழ்ப் பேராசிரியராக விளங்கிய அவரது 'யாழ் நூல்' 1947இல் தமிழகத்திலே அரங்கேறிற்று. கரந்தைத் தமிழ்ச் சங்கம் அதனை வெளியிட்டது. தமிழிசை இயக்கம் வலுப்பெற்ற காலம் அது. அவ்வியக்கத்தை ஆதரித்த செட்டிநாட்டு மூலதனம் பர்மா, மலாயா, இலங்கை ஆகிய நாடுகளின் வட்டித் தொழிலிலும் திரண்டதாகும் என்பது கலை வரலாறு பொருளாதார வரலாற்றினின்று பிரிக்கவொண்ணாதது என்பதைக் காட்டும்.

கோயில் முற்றத்துக் கலைஞருக்கு இணையாக, மத்தியதர வர்க்கத்தினரின் இசைக்கல்வி வேறொரு பாதையில் வளர்ந்தது. 1931இல் உருவான வட இலங்கைச் சங்கீத சபை பரீட்சைகளை நடத்திற்று. 1960இல் சு. நடேசபிள்ளையின் முயற்சியால் மருதனார்மடத்தில் இராமநாதன் இசைக் கல்லூரி தோன்றிற்று. மகாராஜபுரம் சந்தானம் போன்ற தமிழகத்துப் பெருங் கலைஞர் அதன் அதிபராகப் பணிபுரிந்தனர். 1975இல் அது யாழ்ப்பாணப் பல்கலைக்கழக வளாகத்தோடு இணைக்கப்பட்டது. இசைபயில விரும்பிய பெண்களுக்கும், கலைஞர் குடும்பத்திற் பிறவாதோருக்கும் இக்கல்லூரி வாயில் திறந்தது. நீண்டகால ஒத்துழைப்பின் உண்மையான ஆக்கம் இது: ஆசிரியர் வந்தார், கற்பித்தார், கற்றவர் இங்கேயே ஆசிரியராயினர்.

ஆயினும் கர்நாடக சங்கீதம் கல்விக்கூடத்தின் ஒரே இசையானபோது, சாதிப் படிநிலை இசையின் படிநிலையாகவும் உறுதி பெற்றது. நாதசுரக் கலைஞர் போற்றப்பட்டாரேனும் சாதி ஒழுங்கின் எல்லைக்குள்ளேயே போற்றப்பட்டார். பறையோ இசையென்றே எண்ணப்படவில்லை. சாதியெதிர்ப்புப் போராட்டங்களின் காலத்தில் ஒடுக்கப்பட்ட மக்கள் பறையறைதலை அடிமைக் குறியெனக் கைவிட்டமை நியாயமான அரசியற் செயலாகும். அதனால் ஒரு தாளக்கலை அருகிற்றாயின், அதற்குப் பொறுப்பு அக்கலையை அடிமைத்தொழிலாக்கிய சமூகத்தையே சாரும். சிங்களச் சமூகத்தின் 'பெரவா' சாதியினரான பறைகொட்டுவோரின் நிலைமையும் இதனோடு ஒப்பிடத்தக்கது. லக்னோவிலிருந்து வந்த இசையிலக்கணமும் சென்னையிலிருந்து வந்த இசையிலக்கணமும் இந்நாட்டின் இவ்விரு தாளக்காரரையும் தம் வாயிலுக்கு வெளியே நிறுத்தின. அயல்நாட்டார் அவர்களை ஒதுக்கவில்லை. உள்நாட்டு மேட்டிமையினர் தம் ஒதுக்கலுக்கு அயல்நாட்டு இலக்கணத்தைச் சான்றாக்கிக் கொண்டனர்.

6

இரு நாடுகளுக்கிடையே இசையைக் காவி வந்தோருள் மிகப் பெருந்தொகையினர் எந்தக் கலை வரலாற்றிலும் இடம்பெறாதவர். பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதிமுதல் கோப்பி, தேயிலைத் தோட்டங்களுக்குக் கொணரப்பட்ட தொழிலாளர், தப்பையும் தாலாட்டையும் ஒப்பாரியையும், காமன் கூத்தையும் அருச்சுனன் தபசையும், பொன்னர் சங்கர் கதையையும் உடன் கொண்டுவந்தனர். லயத்து வாழ்வும் கங்காணியின் கொடுமையும் மலையும் பனியும் அப்பாடல்களுட் புகுந்து, அவற்றை இந்நாட்டின் பாடல்களாக்கின. சி. வி. வேலுப்பிள்ளை போன்றோர் அவற்றைத் தொகுத்திராவிடில் பல அழிந்தொழிந்திருக்கும்.

இம்மக்களைப் பற்றி இரு அரசுகளும் பேசிக்கொண்டது இசையின் மொழியிலன்று; எண்களின் மொழியிலாகும். 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் அவர்களை நாடற்றவராக்கிற்று. 1964 ஒக்டோபரிற் கைச்சாத்தான சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவும் 3,00,000 பேரை இலங்கையும் ஏற்பதென வகுத்து, எஞ்சிய 1,50,000 பேரைப் பின்னர் பார்த்துக்கொள்வதென ஒத்திவைத்தது. ஆடிக்கொண்டிருந்த கூத்தொன்றின் பாடகன் ஒரு கரைக்கும் தப்புக்காரன் மறு கரைக்கும் பிரிக்கப்படக்கூடிய ஒப்பந்தம் அது. இந்திய–இலங்கைப் பண்பாட்டுறவின் பெருமை பேசும் எவரும் இவ்வெண்களைக் கடந்து செல்லுதல் தகாது.

அழைப்பின்றிக் கடல் கடந்தவற்றுள் பிறிதொரு வகையும் உண்டு. 1970களில் அந்நியச் செலாவணிக் கட்டுப்பாடும் இறக்குமதித் தடைகளும் நிலவிய சூழலில், இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனத்தில் ஈழத்து மெல்லிசை வளர்ந்தது; பொப்பிசையும் வளர்ந்தது. பைலா இசையின் துள்ளலோடு ஏ. இ. மனோகரன் பாடிய 'சுராங்கனி' தமிழகமெங்கும் பரவி, பிற இந்திய மொழிகளுக்கும் சென்றது. போர்த்துக்கேயர் காலத்து இசைக்கலப்பில் வேரூன்றிய பைலா, சிங்களமும் தமிழும் கலந்த சொற்களோடு இந்தியாவைச் சென்றடைந்தது. எந்தப் பண்பாட்டுத் தூதுக்குழுவும் அதனை இலங்கையின் இசையென அனுப்ப முன்வந்திராது. இக்கட்டத்தை முற்போக்கு அணியினராகிய நாம் சுயவிமரிசனத்தோடு நோக்குதல் வேண்டும். தமிழகத்து வணிகச் சஞ்சிகைகளுக்கும் சினிமாவுக்கும் கட்டுப்பாடு வேண்டுமெனக் கோரியது சரியானதே. ஆனால் தடைச்சுவரின் நிழலில் வளர்ந்த மெல்லிசைக்கு நிலையான இசைத்தட்டு உற்பத்தியையோ கலைஞருக்கான வருவாயையோ அமைத்துக்கொடுக்கும் வேலைத்திட்டம் எம்மிடம் இருக்கவில்லை. 1977இல் பொருளாதாரம் திறந்துவிடப்பட்டு ஒலிநாடாக்கள் வந்து குவிந்தபோது அவ்விசை எதிர்த்து நிற்கவியலாது தளர்ந்தது.

7

இவற்றுக்கு நடுவே நம்பிக்கையூட்டும் எடுத்துக்காட்டொன்று பேராதனையிலே உண்டு. எதிரிவீர சரச்சந்திர (1914–1996) தாமும் சாந்திநிகேதனிற் பயின்றவரே. சிங்கள அரங்குக்கு வேரைத் தேடிய அவர் நூர்த்தியை விடுத்து, கற்றோரால் இகழப்பட்ட நாடகமவை நாடினார். பலப்பிட்டியைச் சேர்ந்த சாள்ஸ் சில்வா குணசிங்க குருநான்சே என்னும் கிராமியக் கலைஞரைப் பல்கலைக்கழக மாணவர்க்கு ஆசானாக்கினார். 1956 நவம்பரில் மேடையேறிய 'மனமே' சிங்கள நாடக வரலாற்றை இரண்டாக வகுத்தது. தனிச்சிங்களச் சட்டம் நிறைவேறிய அதே ஆண்டில், சிங்களத் தேசிய அரங்கின் தலைசிறந்த படைப்பெனப் பாராட்டப்பட்டது தமிழ்க் கூத்தோடு உறவுடைய வடிவம் ஒன்றிலிருந்தே பிறந்தது என்பதை வரலாற்றின் முரண்நகை எனலாம்.

பேராசிரியர் சு. வித்தியானந்தன் அதே வளாகத்தில் மட்டக்களப்பு அண்ணாவிமாரையும் மாணவரையும் ஒன்றுசேர்த்து 'கர்ணன் போர்' (1962), 'இராவணேசன்' (1964) முதலிய கூத்துக்களை நவீன மேடைக்குக் கொணர்ந்தார். இரு முயற்சிகளிலும் இந்தியத் தொடர்பு மறுக்கப்படவில்லை. இருவரும் இந்தியக் கலையறிவை அறிந்தவர்களே. ஆனால் அளவுகோல் இங்கேயே, கிராமத்து ஆசானின் கையில் இருந்தது. அதனாலேயே சிங்களரும் தமிழரும் ஒருவர் ஆட்டத்தில் மற்றவரது தாளத்தை அடையாளங் காண முடிந்தது. அவ்வழி தொடரப்படாமைக்குக் காரணம் கலையன்று. மொழிக் கொள்கையும் இனக் கலவரங்களும் பின்னர் மூண்ட போருமே அதனைத் துண்டித்தன.

8

1977 நவம்பர் 29இல் இரு அரசுகளும் புதுதில்லியிற் பண்பாட்டு ஒத்துழைப்பு உடன்படிக்கை ஒன்றிற் கைச்சாத்திட்டன. 1998இல் கொழும்பில் இந்தியப் பண்பாட்டு நிலையம் திறக்கப்பட்டு, இந்துஸ்தானி, கர்நாடக இசை வகுப்புக்கள் நடைபெறலாயின. இந்திய நிதியுதவியோடு யாழ்ப்பாணத்தில் எழுப்பப்பட்ட 600 இருக்கைகள் கொண்ட அரங்குடன்கூடிய பண்பாட்டு மையம் 2023 பெப்ரவரியில் மக்களிடம் கையளிக்கப்பட்டது. போரினால் அரங்கிழந்த நகருக்கு அரங்கொன்று கிடைத்தமை வரவேற்கத்தக்கதே. 2025 ஜனவரியில் அம்மையத்துக்குத் திருவள்ளுவரின் பெயர் சூட்டப்பட்டபோது 'யாழ்ப்பாணம்' என்னும் சொல் நீங்கியமை எதிர்ப்பைத் தோற்றுவிக்க, அச்சொல் பின்னர் சேர்த்துக்கொள்ளப்பட்டது. வள்ளுவரிடத்து எவருக்கும் வெறுப்பில்லை. தம் நகரின் அரங்குக்குப் பெயரிடுகையில் தம்மைக் கேட்டிருக்கலாம் என்பதே மக்களின் குறை. 1952இன் வினா புதிய வடிவில் மீண்டும் எழுந்தது.

இதுகாறும் கூறியவற்றைத் தொகுத்து நோக்குமிடத்து, மூன்று முடிவுகள் பெறப்படும். முதலாவது, இவ்வுறவு வளமூட்டியது என்பதில் ஐயமில்லை. குடியேற்றநாட்டுக் கல்வி ஆசியக் கலையை இழிவாகக் கருதிய காலத்தில், அதற்கு இலக்கணமும் கண்ணியமும் ஆசிரியரும் அங்கிருந்தே கிடைத்தனர். இரண்டாவது, அறிவும் பயிற்சியும் வந்த இடங்களில் ஆக்கம் விளைந்தது. அளவுகோலும் பரீட்சையும் சந்தையும் வந்த இடங்களில் சார்பு விளைந்தது. மூன்றாவதும் மிக முக்கியமானதுமாகிய முடிவு, இவ்வொத்துழைப்பு ஒரு நாட்டோடு நடைபெற்ற ஒன்றாக இருக்கவில்லை என்பதாகும். சிங்கள மத்தியதர வர்க்கம் ஓர் இந்தியாவோடும் தமிழ் மத்தியதர வர்க்கம் வேறோர் இந்தியாவோடும் உறவு கொண்டன. அதன் விளைவை இன்றும் பாடசாலை வகுப்பறையிற் காணலாம். சிங்கள மொழிமூல மாணவர் வட இந்திய மரபைத் தழுவிய கீழைத்தேய சங்கீதத்தைப் பயில்கின்றனர். தமிழ் மொழிமூல மாணவர் கர்நாடக சங்கீதத்தைப் பயில்கின்றனர். ஒரே ஊரின் இரு பாடசாலைகளிற் பயிலும் பிள்ளைகள் ஒருவர் சுரத்தை மற்றவர் அறியார். நாடகமவும் வடமோடியும் எங்ஙனம் உறவுடையன என்பதை இருவரும் அறியார். ஒவ்வொரு சமூகமும் கடலுக்கப்பாலுள்ள நகரொன்றுக்கு நெருங்கி, அடுத்த தெருவுக்குத் தூரமாகியிருக்கின்றது.

இதற்குப் பரிகாரம் இந்திய இசையை விலக்குவதன்று. அது இயலாதது, வேண்டத்தக்கதுமன்று. ஒத்துழைப்பின் பொருளை மாற்றுவதே தேவை. பம்பாய், லக்னோ, தஞ்சை மூன்றையும் கற்ற ஆசிரியர் நம்மிடையே இப்போது உள்ளனர். நாடகமவையும் கூத்தையும் இணைத்து ஆராயும் பொதுப் பாடநெறியொன்றை அவர்களால் அமைக்க முடியும். அண்ணாவிமாரும் பெரவாக் கலைஞரும் மலையகத்துக் காமன் கூத்தாடுவோரும் பல்கலைக்கழகங்களில் விருந்தினராக அன்றி ஆசிரியராக ஊதியம் பெறல் வேண்டும். இந்தியாவிலிருந்து வரும் அறிஞர் அவர்களோடு இணைந்து கற்பவராக வருதல் வேண்டும். அளவுகோல் உழைக்கும் கலைஞரின் கைக்கு வருமாயின், ஒரு நூற்றாண்டுக்கு மேலாக வந்து சேர்ந்த செல்வங்கள் யாவும் நம் உடைமையாகும். அது நிகழுமளவும் எத்துணை அரங்குகள் எழுப்பப்படினும், அவற்றில் நாம் அவையினராக மட்டுமே அமர்ந்திருப்போம்.